அப்பாவோட தச்சுப் பட்டறையை மூடிட்டா பாவமா? குலத்தொழில் பத்தி ஒரு கேள்வி

#1 உளிச்சத்தம்
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிக்கிறவன், எழுதினது ரெண்டு மூணு தடவைதான். ஆயுத பூஜைக்கு ஊருக்கு வந்திருக்கேன், திருவையாறு பக்கம். அப்பா தச்சர், தாத்தாவும் அதே, நான் சென்னையில சாஃப்ட்வேர் டெஸ்டிங். நேத்து அப்பா வழக்கம்போல எல்லாத்தையும் கழுவி எண்ணெய் போட்டு வரிசையா வெச்சாரு, வாச்சி, கொட்டாப்புளி, இழைப்புளி மூணு, உளி ஏழெட்டு சைஸு, தாத்தாவோட முழக்கோல் (அளவு எடுக்கிற குச்சி). பட்டை போட்டு சந்தனம் குங்குமம் வெச்சாரு. "உன் பொட்டியையும் கொண்டாந்து வைய்யி, அதுவும் ஆயுதம்தான"ன்னு என் லேப்டாப்பையும் முழக்கோல் பக்கத்துல வெச்சுட்டாரு. அதுவரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு.

ராத்திரி சாப்பிடும்போது "பட்டறையை என்னடா பண்றது"ன்னு கேட்டாரு. வயசு 67, ஒரு கண்ணுல புரை. கதவு ஜன்னலெல்லாம் இப்ப ரெடிமேடா வந்துருது, அவருக்கு வர்றது நிலை வெக்கிற வேலையும் எப்பவாச்சும் கோயில் தேர் ரிப்பேரும்தான். நான் எட்டாவது படிக்கிறப்ப ஆசையா உளியை எடுத்ததுக்கு இதே மனுஷன் முழக்கோலாலயே ஒண்ணு வெச்சு "போய் படிறா"ன்னு துரத்தினாரு. இப்ப மூஞ்சிய தொங்கப் போட்டுக்கிறாரு. பத்தாததுக்கு சித்தப்பா ஒருத்தர், "குலத்தொழிலை விட்டா விஸ்வகர்மா சாபம் சும்மா விடாது"ன்னு ஆரம்பிச்சுட்டாரு. நெஜமாவே நம்ம சாஸ்திரத்துல அப்படி இருக்கா? பூஜை எல்லாம் கருவிக்குத்தானா, தொழிலுக்கா, இல்ல அதை யார் செய்யணும்ங்கிறதுக்கா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 நைட்ஷிப்ட்
லேப்டாப்புக்கு பொட்டு வெச்சு பத்தாவது நிமிஷம் கால் ஜாயின் பண்ண சொன்னாங்க பாஸ் எங்க ஆபீஸ்ல. உளிக்காவது விஜயதசமி வரைக்கும் லீவு உண்டு. கீபோர்டுல இன்னும் பொரி மாட்டிக்கிட்டு இருக்கு.

#3 கும்பகோணத்தான்
சகோ, சாபம் கீபம்லாம் எதுலயும் இல்ல, பயப்படாதீங்க. ஆனா தொழிலை தெய்வமா பாக்குறது நம்மகிட்ட எவ்வளவு ஆழமா இருக்குன்னு கொஞ்சம் சொல்லணும்னு தோணுது. சுவாமிமலை எனக்கு பக்கம், சாமி சிலை செய்ற ஸ்தபதிங்க பட்டறையில சின்ன வயசுல மணிக்கணக்கா உக்காந்திருப்பேன். தேன்மெழுகு, குங்கிலியம், கொஞ்சம் கடலை எண்ணெய் சேத்து காய்ச்சி அதுல முதல்ல உருவம் பண்ணுவாங்க. அளவு எடுக்க டேப் கிடையாது, தென்னங்கீத்தை சிலை உசரத்துக்கு நறுக்கி அதையே தாளக் கணக்குல (சிலையோட உறுப்புக்கெல்லாம் அளவு பிரிக்கிற கணக்கு) மடிச்சு மடிச்சு குறி போட்டுக்குவாங்க. அப்புறம் காவேரி வண்டல் மண்ணை மேல பூசி காய வெச்சு சூடு பண்ணா மெழுகு உருகி ஓடிரும், அந்த எடத்துல பஞ்சலோகத்தை ஊத்துறது. மண்ணை உடைச்சாத்தான் சிலை வெளிய வரும், அதனால ஒரு அச்சுக்கு ஒரே சிலை, அந்த அச்சு திரும்ப கிடையாது. கடைசியில கண் திறக்கிறப்ப பாக்கணும், பட்டறையில பேச்சே இருக்காது. அது வேலையா பூஜையான்னு பிரிக்கவே முடியாது. கீதையில 18ஆம் அத்தியாயத்துல பகவான் இதைத்தான் சொல்றாரு, அவனவன் தன் கர்மத்தாலயே இறைவனை அர்ச்சிச்சு சித்தி அடையறான்னு. பூவால இல்ல, வேலையால அர்ச்சனை.

#4 வெட்டிப்பேச்சு_மணி
அருமையா சொன்னீங்க தோழர். ஆனா அடுத்த சுலோகத்தை ஏன் விட்டுட்டீங்க? குறையுள்ளதா இருந்தாலும் தன் தர்மமே மேல், அடுத்தவன் தர்மத்தை நல்லா செய்றதை விட, அதுதான அது? 3ஆம் அத்தியாயத்துலயும் அதே வரி வருது, அங்க "பரதர்மம் பயங்கரம்"னு சேத்தே சொல்லியிருக்கு. இழை ஆரம்பிச்சவரோட சித்தப்பா அதைத்தான் தன் பாஷையில சாபம்ங்கிறாரு.

இன்னொண்ணு. அந்த ஸ்தபதி கண் திறந்து குடுத்தாரே, பிரதிஷ்டை ஆகி கும்பாபிஷேகம் முடிஞ்ச மறுநாள் கர்ப்பகிரகத்துக்குள்ள போயி அதே சிலையை அவரால தொட முடியுமா?

#5 கும்பகோணத்தான்
அது ஆகம விதி, அதாவது கோயில் பூஜை முறையைச் சொல்ற நூலோட விதி. நானும்தான் தொட முடியாது, அர்ச்சகரைத் தவிர எல்லாருக்கும் அதேதான். ஸ்வதர்மம்னா ஜாதித் தொழில்னு ஏன் எடுத்துக்கணும், 4ஆம் அத்தியாயத்துல குணத்தையும் கர்மத்தையும் வெச்சுத்தான் பிரிச்சேன்னு தெளிவா இருக்கு.

#6 வெட்டிப்பேச்சு_மணி
குணத்தை வெச்சுன்னா எட்டாவதுல யாராவது டெஸ்ட் வெச்சு பிரிச்சாங்களா என்ன. அம்பேத்கர் சொன்னதுதான், இது வேலையைப் பிரிச்ச ஏற்பாடு மட்டும் இல்ல, வேலை செய்றவங்களையும் பிரிச்ச ஏற்பாடு. மனுதர்மத்தை எடுத்துக்குங்க. 5ஆம் அத்தியாயத்துல கைவினைஞன் கை எப்பவும் சுத்தம்னு வருது, கேக்க நல்லாருக்கு. ஒரு அத்தியாயம் முன்னாடி போங்க, யார் வீட்டு சோத்தை சாப்பிடக் கூடாதுன்னு ஒரு லிஸ்ட்டு, அதுல தச்சன், கொல்லன், பொற்கொல்லன் எல்லாரும் இருக்காங்க. அதாவது செஞ்ச சாமான் சுத்தம், வாங்கிக்கலாம், ஆனா அவன் வீட்ல கை நனைக்கக் கூடாது. சாமானை வாங்கறவனோட வசதிக்கு எழுதின விதி அது, வேற என்ன?

#7 பழைய_கல்வெட்டு
மணி சொல்றதுக்கு நம்ம ஊர்லயே கல்லுல ஆதாரம் இருக்கு. கரூர் பசுபதீசுவரர் கோயில்ல சோழர் காலத்து கல்வெட்டு ஒண்ணு, கோனேரின்மைகொண்டான்ங்கிற பட்டப்பேர்ல ராஜா ஆணை போடுறாரு, வெங்கால நாட்டு கம்மாளருக்கு (தச்சர், கொல்லர், தட்டார் மாதிரி கைவினைக்காரங்க). என்ன உரிமை தெரியுமா? நல்லது கெட்டதுக்கு ரெட்டைச் சங்கு ஊதி பேரிகை கொட்டிக்கலாம், வெளிய போறப்ப கால்ல செருப்பு போட்டுக்கலாம், வீட்டுச் சுவத்துக்கு சாந்து பூசிக்கலாம். இப்படி ஒரு ஆணை தேவைப்பட்டுச்சுன்னா அதுக்கு முன்னாடி என்ன நிலைமைன்னு யோசிச்சுக்குங்க. ஊருக்கெல்லாம் கோயிலும் மாளிகையும் கட்டினவன் தன் வீட்டுச் சுவத்துக்கு பூச்சு பூச அனுமதி வாங்கணும்.

அதே சமயம் எல்லாத்தையும் ஒரே கருப்பு பெயிண்டா அடிக்காதீங்க. தஞ்சாவூர் பெரிய கோயில்ல குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன்னு பேரை வெட்டி வெச்சிருக்கான், ராஜா தன் பேரையே பட்டமா குடுத்திருக்கான். மரியாதை இருந்துச்சு, மேல நாலு பேருக்கு.

#8 தோல்கருவி
மிருதங்கம் கத்துக்கிட்டவன்ங்கிற முறையில ஒண்ணு சொல்லிக்கிறேன். மிருதங்கத்துக்கு பலாக்கட்டை, பசுத்தோல், ஆட்டுத்தோல், எருமை வார், மூணு மிருகத்தோட தோல் இல்லாம அந்த நாதம் வராது. தோலை பதம் பாத்து மூட்டு (வாய்ப் பக்கத்து தோல் மூடி) கட்டுறவருக்கு சுருதி ஞானம் எங்க வாத்தியாருக்கு சமமா இருக்கும், ஆனா நான் பாத்த வரைக்கும் அவர் வாசல் திண்ணையிலதான் உக்காந்து கட்டிக் குடுப்பாரு, உள்ள சரஸ்வதி பூஜை நடக்கும், மிருதங்கத்துக்கு மாலை, அவருக்கு தாம்பூலத்துல வெச்சு காசு. எனக்கு அப்ப தப்பாவே படல, அதான் இப்ப உறுத்துது.

நந்தனார் கதையையே எடுத்துக்குங்க. நாமெல்லாம் நந்தி விலகினதை மட்டும் ஞாபகம் வெச்சிருக்கோம். பெரியபுராணத்துல சேக்கிழார் அவரோட தொண்டு என்னன்னு சொல்றாரு பாருங்க, கோயில் பேரிகைக்கு தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பு, பூஜைக்கு கோரோசனை (மாட்டுகிட்ட இருந்து கிடைக்கிற வாசனைப் பொருள்). உள்ள கொட்டுற அத்தனை கொட்டுக்கும் தோல் அவர் குடுத்தது, அவர் நின்னது வாசலுக்கு வெளிய.

#9 நைட்ஷிப்ட்
மேல உள்ளதைப் படிச்சுட்டு ஜோக் எதுவும் வரல.

#10 கும்பகோணத்தான்
நந்தனாருக்கு நடந்தது அநியாயம், அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனா அதே சேக்கிழார்தான குயவர் திருநீலகண்டரையும், துணி வெளுத்த திருக்குறிப்புத்தொண்டரையும், செக்காட்டின கலியரையும், மீன் புடிச்ச அதிபத்தரையும் நாயன்மார்னு கும்பிட வெச்சாரு? நேசர் என்ன செஞ்சாரு, தறியில உக்காந்து அடியாருக்கு கோவணமும் கீளும் நெய்ஞ்சு குடுத்தாரு, அதுதான் அவரோட பக்தி, அவ்வளவுதான். தொழிலை விட்டுட்டு காட்டுக்குப் போன்னு யாரும் சொல்லல. கர்நாடகத்துல 12ஆம் நூற்றாண்டுல பசவண்ணரோட சிவபக்தர் கூட்டத்துல "காயகவே கைலாசம்"னாங்க, உழைப்புதான் கைலாசம்னு. பனாரஸ்ல நெசவு பண்ண கபீர், செருப்பு தச்ச ரவிதாஸ், மகாராஷ்டிரத்துல பானை செஞ்ச கோரா கும்பார், இதெல்லாமும் இந்த மண்ணுதான?

#11 வெட்டிப்பேச்சு_மணி
இந்த மண்ணுதான், ஒத்துக்கிறேன். ஆனா பசவண்ணர் வழியில ஒரு பிராமணர் வீட்டுப் பொண்ணையும் செருப்பு தைக்கிறவர் வீட்டுப் பையனையும் கல்யாணம் பண்ணி வெச்சப்ப கல்யாணத்துல என்ன ரத்தக்களறி ஆச்சுன்னும் சேத்து சொல்லணும். (கல்யாணம்ங்கிறது ஊர் பேரு, குழப்பிக்க வேணாம்.) உழைப்பு கைலாசம்னு சொன்னப்ப யாருக்கும் கோவம் வரல, உழைக்கிறவங்க சம்பந்தி ஆனதும் வந்துருச்சு.

மகாபாரதத்துல தர்மவியாதர் கதையும் அப்படித்தான், கொக்கை பார்வையாலயே எரிச்ச கௌசிகர் மிதிலைக்குப் போயி கறிக்கடைக்காரர்கிட்ட தர்மம் கேட்டுக்கிறாரு. நம்ம ஊர்ல "கொக்கென்று நினைத்தாயோ கொங்கணவா"ன்னு சொல்றதும் அதே ஜாடை. கேட்டுட்டு முனிவர் முனிவராவே திரும்பிப் போனாரு, கறிக்கடைக்காரர் கறிக்கடையிலயே இருந்தாரு.

#12 பாவுநூல்
காஞ்சிபுரம், நெசவுக் குடும்பம். எல்லாரும் சுலோகம் சுலோகமா பேசுறீங்க, நான் கொஞ்சம் தரைக்கு வரேன். எங்க வீட்ல குழித்தறி. கோர்வை (ஒடம்பு ஒரு கலர், பார்டர் வேற கலர்னு சேத்து நெய்யறது) போட எதிர்ப்பக்கம் ஒரு ஆள் வேணும், அது நான் இல்லன்னா என் தம்பி, ஸ்கூல் விட்டு வந்ததும் அதுதான் வேலை. பாவு புணையறது, நூல் சுத்தறது, சாயம் போட்டு காய வெக்கிறது எல்லாம் அம்மா. ஆனா "நெசவாளர்"னா அப்பா பேருதான், சொசைட்டி கார்டும் அவர் பேர்ல, கூலியும் அவர் கையில. கலை, தெய்வீகம், பாரம்பரியம்னு பேசுற யாரும் எங்கம்மா முதுகு வலிக்கு மருந்து கேட்டதில்ல. அம்மா தறியில உக்காரும்போது கட்டையைத் தொட்டு கண்ணுல ஒத்திக்குவாங்க, அது நெஜம், நான் அதை கேலி பண்ண மாட்டேன். தறி மேல கால் பட்டுட்டா இன்னைக்கும் எனக்கு பதறும். ஆனா அந்த பக்தியை காட்டியே எங்களுக்கு கூலியை குறைச்சாங்க, இது சாமி காரியம், கல்யாணப் பொடவை, முகூர்த்தத்துக்கு வேணும், கேள்வி கேக்காத.

உளிச்சத்தம் சார், உங்கப்பா உங்களை முழக்கோலால அடிச்சாரே, அது சாஸ்திரத்தை எல்லாம் விட பெரிய தீர்ப்பு. தொழில் புடிக்காம அடிக்கல, அந்தத் தொழில்ல சோறு இல்லன்னு தெரிஞ்சு அடிச்சாரு. எங்கப்பாவும் அதேதான் பண்ணாரு, தறி சத்தம் கேக்காத எடத்துல போய் படின்னு பாட்டி வீட்டுக்கு அனுப்பிச்சாரு.

#13 உளிச்சத்தம்
மேடம், உங்க கடைசி பத்தியை அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன். ஒண்ணும் சொல்லல, எழுந்து போய் பட்டறை லைட்டை அணைச்சுட்டு வந்து படுத்துட்டாரு.

#14 மண்வாசனை
சிவகங்கை பக்கம், வேளார் குடும்பம், குயவர். எங்ககிட்ட கதை கொஞ்சம் வேற. அய்யனாருக்கு புரவி எடுக்கணும்னா ஊர்க்காரங்க முதல்ல பிடிமண் எடுத்து குயவர் கையில குடுக்கணும், அது வாங்கினாத்தான் வேலை ஆரம்பிக்கும். குதிரை செஞ்சு சுட்டு முடிச்சதும் ஊரே வந்து தூக்கிட்டுப் போகும். பல ஊர்ல அய்யனாருக்கு பூசாரியும் நாங்கதான், செஞ்சவனே தொட்டு பூஜை பண்றான். ஆகமக் கோயிலை மட்டும் வெச்சு இந்து மதம் இவ்வளவுதான்னு முடிச்சுறாதீங்கன்னு சொல்ல வந்தேன். ஆனா பூசாரியா இருந்தாலும் வருஷத்துல மிச்ச நாள் சட்டி பானை விக்கணும், கண்மாயில மண்ணு எடுக்க ஆபீஸ் ஆபீஸா அலையணும், அதுக்கு எந்த அய்யனாரும் வர்றதில்ல. என் பையன் இப்ப பாலிடெக்னிக். புரவி எடுப்பு அன்னைக்கு மட்டும் லீவு போட்டு வந்துருவான், அவ்வளவு போதும் எனக்கு.

#15 கும்பகோணத்தான்
இதுக்குத்தான மத்திய அரசு 2023 செப்டம்பர் 17, விஸ்வகர்மா ஜெயந்தி அன்னைக்கு பி.எம். விஸ்வகர்மான்னு திட்டமே கொண்டு வந்தாங்க, 18 தொழிலுக்கு, முதல்ல 1 லட்சம் அப்புறம் 2 லட்சம் கடன், 5% வட்டியில. இங்க அதையும் அரசியல் ஆக்கிட்டாங்க.

#16 வெட்டிப்பேச்சு_மணி
அரசியல் இல்லாம என்ன. குடும்ப வழியா வர்ற தொழில்னு விதியிலயே இருந்துச்சு, 18 வயசுலயே சேரலாம்னு இருந்துச்சு. காலேஜ் போற வயசுப் பையனை அப்பன் தொழிலுக்கு கூப்பிடறதுன்னா எங்களுக்கு 1953 ஞாபகம் வரத்தான் செய்யும். ராஜாஜி அரை நாள் பள்ளிக்கூடம், மிச்ச நேரம் அப்பாகிட்ட தொழில் கத்துக்கோன்னாரு, அதுக்கு குலக்கல்வின்னு பேரு வந்து அடுத்த வருஷமே பதவி போச்சு, காமராஜர் வந்து அதை தூக்கினாரு. தமிழ்நாடு அரசு இப்ப கலைஞர் கைவினைத் திட்டம்னு 25 தொழிலுக்கு தனியா போட்டிருக்கு, 35 வயசுக்கு மேல, என்ன குடும்பம்னு கேள்வி இல்ல, கடன்ல 25% மானியம், 50,000 வரைக்கும். உளிச்சத்தம் அப்பாவுக்கு ஆகுமான்னு விசாரிங்க.

#17 நைட்ஷிப்ட்
அவருக்கு கடன் வேணாம் பாஸ், ஆள் வேணும்.

#18 பழைய_கல்வெட்டு
நைட்ஷிப்ட் கரெக்டா புடிச்சாரு. ஆள்னு சொன்னதும் பெரிய கோயில் கல்வெட்டுல இன்னொரு சங்கதி ஞாபகம் வந்துச்சு, இது உளிச்சத்தத்துக்கு நேரா பொருந்தும். ராஜராஜன் கோயில் வேலைக்கு தளிச்சேரிப் பெண்டுகள்னு கோயில்ல ஆடற பொண்ணுங்க 400 பேரை வெச்சான், கூடவே நட்டுவர், பாடறவங்க, தச்சர், தட்டார், துணி தைக்கிறவர், நாவிதர், துணி வெளுக்கிற ஈரங்கொல்லிகள்னு பெரிய லிஸ்ட்டு. ஒவ்வொருத்தருக்கும் பங்கு கணக்கு, பங்குக்கு வருஷம் 100 கலம் நெல்லு. இப்ப கவனிங்க. ஒருத்தர் செத்துப் போனாலோ ஊரை விட்டுப் போனாலோ அந்தப் பங்கும் வேலையும் நெருங்கின சொந்தத்துக்கு போகும், இது நாம எதிர்பார்த்ததுதான். ஆனா அதுக்கு அடுத்த வரியில, அந்த சொந்தக்காரர் தான் யோக்யர் இல்லன்னா யோக்யமான ஆளை வெச்சு வேலையை செய்விச்சு நெல்லை வாங்கிக்கணும்னு இருக்கு. சொந்தமே இல்லன்னா மத்தவங்க சேந்து தகுதியான ஆளை பொறுக்கணும், நெல்லு அந்த ஆளுக்கே. ஆயிரம் வருஷம் முன்னாடியே "நீ வாரிசுதான், ஆனா உனக்கு வேலை தெரியாதுல்ல"ங்கிற நெலமைக்கு வழி பண்ணி வெச்சிருக்கான். வாரிசு செய்யலன்னா சாபம்னு எங்கயும் இல்ல, வேலை நிக்கக் கூடாது, அதான் கவலை.

உங்க சித்தப்பாவுக்கு இதை படிச்சுக் காட்டுங்க.

#19 தோல்கருவி
மகாபலிபுரம் சிற்பக் கல்லூரியும் இதே வழிதான, 1957ல ஆரம்பிச்சது, யார் வேணாலும் சேந்து சிற்பம் படிக்கலாம். கன்னியாகுமரி வள்ளுவர் சிலையை நிறுத்தின கணபதி ஸ்தபதி அங்கதான் முதல்வரா இருந்தாரு. பரம்பரை ஸ்தபதி, ஊர்ப் பசங்க எல்லாருக்கும் கத்துக்குடுத்தாரு.

#20 உளிச்சத்தம்
நாலு நாள் கழிச்சு வரேன், மன்னிக்கணும், நடுவுல சென்னை போய்ட்டு திரும்ப ஊருக்கே வந்துட்டேன்.

சித்தப்பாவுக்கு படிச்சுக் காட்டல, அப்பாவுக்குத்தான். பக்கத்து தெருவுல ஒரு பையன் இருக்கான், ப்ளைவுட் கடையில கட்டிங் மெஷின்ல நிக்கிறான், அவங்க யாரும் தச்சர் இல்ல. ரெண்டு வருஷமா சாயங்காலம் பட்டறை வாசல்ல வந்து நின்னு பாத்துட்டுப் போவான். அவனை வெச்சுக்கலாமேன்னு நான் முன்னாடியே கேட்டிருக்கேன், அப்பா "அதெல்லாம் சரிப்படாது"ன்னுருவாரு. இழைக்கிறது சொல்லித் தரலாம், மனையடிக் கணக்கும் (வீட்டுக்கு நீள அகலம் குறிக்கிற கணக்கு) நிலை வெக்கிற முறையும் வெளிய தர மாட்டோம்னு அவங்க செட்டுல ஒரு பிடிவாதம். கிரகப்பிரவேசத்துக்கு முந்தின ராத்திரி தச்சு கழிக்கிற சடங்கெல்லாம் மந்திரம், அதை எங்களை மாதிரி பூணூல் போட்டவன்தான் செய்யணும்னு வேற. எங்களுக்கு செருப்பு போட விடாம வெச்சிருந்தாங்கன்னு கரூர் கல்வெட்டை வாசிச்சப்ப கோவமா கேட்டவரு, இந்தப் பையன் விஷயத்துல மட்டும் மொகத்தை திருப்பிக்கிட்டாரு. அது எனக்கு கொஞ்சம் கஷ்டமாத்தான் இருந்துச்சு.

ராஜராஜன் கல்வெட்டையும் சொன்னேன். "ராஜராஜனே சொல்லிட்டாரா, சரி, அவரா வந்து எனக்கு உளி தீட்டித் தரப் போறாரு"ன்னாரு. அதோட விட்டுட்டேன்.

நேத்து காலையில எந்திரிச்சுப் பாத்தா பையன் பட்டறையில குத்த வெச்சு உக்காந்திருக்கான், முன்னாடி தீட்டுக்கல்லு, தண்ணி, பக்கத்துல மழுங்கின உளி பத்து. அப்பா கயித்துக் கட்டில்ல படுத்துக்கிட்டு கண்ணை மூடி சத்தத்தை மட்டும் கேக்குறாரு. "அழுத்தாத. சாஞ்சிருச்சு. திருப்பு." இவ்வளவுதான் பேச்சு. தாத்தா அப்பாவை முதல் ஒரு வருஷம் வெறுமனே உளி தீட்ட மட்டும்தான் விட்டாராம். கணக்கு சொல்லித் தருவாரா மாட்டாரான்னு நான் கேக்கல.

#21 கும்பகோணத்தான்
படிச்சதும் சந்தோஷமா இருக்கு சகோ. மணி சார், இதுக்காவது ஒரு லைக் போடுங்க.

#22 வெட்டிப்பேச்சு_மணி
போட்டாச்சு. கணக்கு சொல்லித் தரட்டும், ரெண்டாவது லைக் அப்ப போடுறேன்.

#23 பாவுநூல்
பையனுக்கு கூலி எவ்வளவு பேசியிருக்கீங்க?

#24 உளிச்சத்தம்
அப்பா ஒரு நாளைக்கு 500ங்கிறாரு மேடம். ப்ளைவுட் கடையில அவனுக்கு 700. மிச்சம் 200ஐ நான் மாசாமாசம் போட்டு விடுறேன்னு சொன்னேன், அப்பா "பட்டறைக்கூலியை நீ என்ன குடுக்கறது"ன்னு கோச்சுக்கிட்டு இன்னும் சாப்பிட வரல.